தொலைவிலிருந்து வரும் சொல்லும் அருகில் நிற்கும் அயலாரும்

சென்னை மாநகரின் தென்கரையில், திருவான்மியூரை அடுத்துக் கொட்டிவாக்கம் அமைந்துள்ளது. கடலோரத்தில் மீனவர் குப்பம். அதனை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அடுக்குமாடி வீடுகளும். மேற்கே சிறிது தொலைவில் கணினி நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலை. 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் இறைமக்களுள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பின்பொருட்டு வந்தோர். அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் இன்னும் ஊரிலேயே இருக்கின்றனர். ஞாயிறு ஆராதனை முடிந்து மக்கள் கலைந்தபின், ஒருவர் தயங்கி நின்று ஆயரைத் தனியே அணுகி இவ்வாறு கேட்பதுண்டு: “ஐயா, ஊரில் எங்கள் அக்கா மூன்று மாதமாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, இரவில் உறங்குவதில்லை, யாரோ தன்னை ஏசுகிற சத்தம் கேட்கிறது என்கிறாள். அம்மா ஜெப வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்கிறார்கள். மருத்துவர் கைபேசி வழியாகவே பார்ப்பாராமே, அது சரிதானா?”

இக்கேள்விக்கு விடைகூற நாம் ஆயத்தமாயிருக்கிறோமா? தொலைவிலுள்ள மனநல மருத்துவர் ஒருவர் காணொலி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நோயாளியைக் கண்டு பேசி மருத்துவம் செய்யும் முறை இன்று நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட முறையாக நிலைபெற்றுவிட்டது. அம்முறை யாது, அது எவ்வாறு நடைபெறுகிறது, அதன் எல்லைகள் எவை, அதில் திருச்சபைக்கு உரிய இடம் எது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. தொலைவு என்பது யாது?

2015–16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்தோருள் 100-க்கு ஏறத்தாழ 10 அல்லது 11 பேர் ஏதேனுமொரு மனநோய்க்கு உட்பட்டிருந்தனர். அவர்களுள் மருத்துவம் பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை இருந்தனர். நாடு முழுவதையும் கணக்கிட்டால், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருக்கின்ற சிலரும் பெரும்பாலும் நகரங்களிலேயே பணிசெய்கின்றனர்.

எனவே, முதலாவது தொலைவு வழித்தொலைவு. சிற்றூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சென்று திரும்புவதில் ஒரு நாட்கூலி போய்விடுகிறது. நோயாளியோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் போகிறது. மனநோய்க்கு மாதந்தோறும், சிலவேளை ஆண்டுக்கணக்கில், மருந்து தேவைப்படுவதால் இப்பயணம் ஒருமுறையோடு முடிவதன்று. மூன்றாம் மாதம் பயணம் நிற்கிறது. நான்காம் மாதம் மருந்து நிற்கிறது. அதன்பின் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வருகிறது.

இரண்டாவது தொலைவு வெட்கத்தால் உண்டாவது. இது நகரத்திலும் உண்டு. கொட்டிவாக்கம் குப்பத்திலுள்ள ஒரு தாய்க்குக் கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகம் பேருந்தில் சென்றடையக்கூடிய இடமே. எனினும் அவ்வாசலில் தன்னை யாரேனும் கண்டால் மகளுக்கு வரன் அமையாது என்னும் அச்சம் அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

மூன்றாவது தொலைவு அறியாமையால் விளைவது. செய்வினை, பேய்பிடித்தல், பாவத்தின் தண்டனை என்று நோய்க்குப் பெயர் சூட்டப்பட்டபின், மருத்துவர் அடுத்த தெருவில் இருப்பினும் அவர் தொலைவிலுள்ளவரே. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயுற்றோர் 28 பேர் மாண்டனர். இதனை நாம் நினைவுகூர்வது பிற சமயத்தாரைச் சுட்டுவதற்கன்று. நம்முடைய ஜெப வீடுகள் சிலவற்றிலும் நோயாளிகளைக் கட்டிவைத்ததும் அடித்ததும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்துள்ளது. இத்தடை மருத்துவமனைக்கு மட்டுமன்று, நமக்கும் உரியது.

2. இம்முறை வளர்ந்த வரலாறு

தொலைநிலை மனநல மருத்துவம் கைபேசியோடு தோன்றியதன்று. 1959-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு மனநல மருத்துவர்கள் குழுச் சிகிச்சை நடத்தினர். 1964-இல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அரசு மனநல மருத்துவமனை ஒன்றுடன் அதே வகையில் இணைப்பு ஏற்படுத்தினர்.

நம் நாட்டில் 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முதலில் தெரிந்துகொள்ளப்பட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மருத்துவத்தை நகரத்திலிருந்து ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசெல்வதே இவற்றின் நோக்கம். ஆயினும் மருத்துவர் பற்றாக்குறை நீடித்தது.

இங்குச் சென்னையின் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி குறிப்பிடத்தக்கது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கிய மருத்துவர் சாரதா மேனன், மருத்துவர் ஆர். தாரா முதலியோருடன் 1984-இல் இதனை நிறுவினார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், தொலைவிலுள்ளோர்க்குக் காணொலி வழியே மனநல மருத்துவம் அளிக்கும் முயற்சியில் இந்நிறுவனம் ஈடுபட்டது. 2010-இல் அம்முயற்சியைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது.

அத்திட்டம் அமைந்த முறை நம் கவனத்துக்குரியது. ஒரு பேருந்து இதற்கெனவே வடிவமைக்கப்பட்டது. அதனுள் நோயாளி அமர்ந்து பேச ஓர் அறையும், மருந்து கொடுக்க ஓர் இடமும் இருந்தன. பேருந்து குறித்த நாளில் குறித்த ஊருக்குச் செல்லும். நோயாளி உள்ளே அமர்வார். சென்னையிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றி அவருடனும் குடும்பத்தாருடனும் பேசுவார். மருத்துவர் எழுதிய மருந்து அங்கேயே இலவசமாக வழங்கப்படும். ஆனால் இவையனைத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பணி நடந்தது. அப்பகுதியிலேயே வாழ்ந்த, பயிற்சி பெற்ற பணியாளர் வீடுவீடாகச் சென்று நோயுற்றோரைக் கண்டறிந்தனர். அவர்களைப் பேருந்துக்கு அழைத்துவந்தனர். மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று பின்னர்ச் சென்று பார்த்தனர். மருத்துவர் சென்னையில் இருந்தார். ஆனால் மருத்துவம் அவ்வூரில் வேரூன்றியது இப்பணியாளராலேயே. இதனை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், பெருந்தொற்றுக் காலத்தில், நடுவண் அரசு தொலைநிலை மருத்துவத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பிறரும் சேர்ந்து மனநல மருத்துவத்துக்கென்று தனி நெறிமுறைகளை வகுத்தனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் டெலி மனாஸ் என்னும் நாடளாவிய சேவை தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இச்சேவை ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயர் பெற்றது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்படின் மனநல வல்லுநரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்தினிடமோ சேர்ப்பிப்பார்.

3. எவ்வாறு நடைபெறுகிறது?

“கையைப் பிடித்து நாடி பாராமல் எப்படி மருத்துவம்?” என்று நம் மக்கள் கேட்பது இயல்பே. மருத்துவத் துறைகளுள் மனநல மருத்துவம் பெரிதும் பேச்சையும் கவனிப்பையும் சார்ந்தது. நோயாளி என்ன பேசுகிறார், எண்ணங்கள் தொடர்புற்று வருகின்றனவா, முகத்தில் உணர்ச்சி தோன்றுகிறதா, உறக்கமும் உணவும் எப்படி, பிறர்க்குக் கேளாத குரல் அவர்க்குக் கேட்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, முன்பு என்ன மருந்து உட்கொண்டார், வீட்டார் கூறுவது யாது என்பவற்றைக் கொண்டே மருத்துவர் நோயை அறிகிறார். இவற்றுள் பெரும்பகுதியைத் திரை வழியே அறிய இயலும்.

நெறிமுறைகளின்படி மருத்துவர் தம் பெயரையும் தகுதியையும் கூறவேண்டும். நோயாளி யார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவருடைய ஒப்புதல் வேண்டும். குறிப்பேடு வைத்தல் வேண்டும். மருந்துச்சீட்டை எழுதி அனுப்பவேண்டும். சில மருந்துகளை, நோயாளியை முதலில் காணொலியிலேனும் கண்டபின்னரே எழுதலாம். வேறு சில மருந்துகளை இவ்வழியில் எழுதவே கூடாது. நேரில் காண்பது இன்றியமையாதது என்று மருத்துவர்க்குத் தோன்றின், அவர் அவ்வாறே கூறி நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பக் கடமைப்பட்டவர்.

4. இதன் எல்லைகள்

திரையில் மதுவின் நாற்றம் தெரியாது. கைநடுக்கமும் நடைத்தளர்வும் முழுமையாகத் தெரியமாட்டா. உடல் எடையையும் இரத்த அழுத்தத்தையும் அருகிலிருப்பவரே அளக்கவேண்டும். லித்தியம் உட்கொள்வோர்க்கு அதன் அளவு இரத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். குளோசபின் உட்கொள்வோர்க்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கை பார்க்கப்பட வேண்டும். ஊசி மருந்தைக் கம்பி வழியே செலுத்த இயலாது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து நிற்பவரின் கையைத் தொலைவிலுள்ளவர் பிடிக்க இயலாது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நம் ஊர்களில் ஓரறை வீடுகள் பல. கைபேசி பெரும்பாலும் கணவனுடையது அல்லது மகனுடையது. மாமியார் அடுப்படியிலும் கணவன் வாசலிலும் இருக்க, தன் துயரத்துக்குக் காரணம் இன்னதென்று ஒரு பெண் திரையைப் பார்த்து எவ்வாறு கூறுவாள்? “நன்றாயிருக்கிறேன், டாக்டர்” என்று கூறி முடித்துவிடுவாள். மருத்துவர் அதனை எழுதிக்கொள்வார். கருவியில் குறையில்லை, மருத்துவரிடத்தும் குறையில்லை. அவள் தனித்துப் பேச ஓரிடமும், அவளுக்குத் துணைநிற்க ஒருவரும் அவ்வூரில் இல்லை என்பதே குறை.

5. திருமறை காட்டும் வழி

தொலைவிலிருந்து உரைக்கப்பட்ட சொல்லால் நலம்பெற்றோர் நற்செய்தி நூல்களில் உண்டு. கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் நலமடைந்த நிகழ்ச்சியை (மத்தேயு 8:5–13) நாம் நன்கறிவோம். ஆண்டவர் அவ்வீட்டுக்குச் செல்லவில்லை. ஒரு சொல்லே சென்றது. இதனைக் கொண்டு தொலைநிலை மருத்துவத்துக்கு ஆதாரவசனம் தேடுவது நம் நோக்கமன்று. அற்புதம் வேறு, மருத்துவம் வேறு. எனினும் இந்நிகழ்ச்சியில் நாம் எளிதில் கடந்துசெல்லும் ஒரு பகுதி உண்டு. நோயுற்றவன் பேசவில்லை, அவன் பொருட்டு வேறொருவர் பேசினார். வீட்டில் கிடந்த வேலைக்காரனின் வேதனையைக் கண்டு, அதனைச் சுமந்துகொண்டு வழிநடந்து, சொல்லைப் பெற்றுத் திரும்பியவர் அந்த அதிபதி. ஆண்டவருடைய சொல்லுக்குத் தொலைவு தடையாகவில்லை. ஆயினும் அவ்வீட்டின் வேதனை, அருகிலிருந்து அன்புகூர்ந்த ஒருவர் மூலமாகவே அவரிடம் வந்துசேர்ந்தது.

திருமுகங்களும் தொலைவிலிருந்து செய்யப்பட்ட ஆத்தும விசாரிப்பே. பவுல் சரீரத்தால் தூரமாயும் ஆவியினால் உடனிருப்பதாகவும் கருதி எழுதினார் (கொலோசெயர் 2:5). ஆனால் யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், காகிதத்தையும் மையையும் கடந்து முகமுகமாய்க் காணவே விரும்புவதாகத் தெரிவிக்கிறார் (2 யோவான் 12). எழுத்தைப் பயன்படுத்தினார், எழுத்தோடு நின்றுவிடவில்லை. கருவியைக் குறித்த கிறிஸ்தவ நிலைப்பாடு இதுவே எனலாம்.

கதரேனர் நாட்டு மனிதனின் வரலாற்றையும் (மாற்கு 5:1–20) இங்குக் கருதவேண்டும். மனநோயுற்ற ஒவ்வொருவரையும் பிசாசு பிடித்தவர் என்று கூறுவதற்கு இப்பகுதி நம்மிடையே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. மற்கு நோய்களை வகைப்படுத்தும் நூல் எழுதவில்லை. அவர் காட்டுவது, கல்லறைகளிடையே விலங்கிடப்பட்டுக் கைவிடப்பட்ட ஒருவன் உடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு மனிதரிடையே அமர்ந்ததையே. ஆண்டவர் அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அவன் இனத்தாரிடம், அவன் வீட்டுக்கு அனுப்பினார். சங்கிலியிலிருந்து வீட்டுக்கு என்பதே அவ்வரலாற்றின் திசை. நோயாளியை வீட்டிலிருந்து சங்கிலிக்குக் கொண்டுசெல்லும் எந்த ஊழியமும் அதற்கு எதிர்த்திசையில் செல்வது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஐம்பதுகளில் பாகாயத்தில் மனநல மையத்தை அமைத்தபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டனர். மருத்துவரின் அறிவும் உற்றாரின் அருகாமையும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்னும் உண்மை நம் திருச்சபையின் மருத்துவ ஊழியத்தில் ஏற்கெனவே உணரப்பட்டிருந்தது.

6. ஆயரின் பங்கு

ஆயர் மனநல மருத்துவர் அல்லர். அவர் அவ்வாறு ஆகவும் வேண்டியதில்லை. எனினும் அவர் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, இடம் தருதல். வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் ஆலய வெஸ்ட்ரி அறையில் கதவும் நாற்காலியும் உள்ளன; இன்று பல ஊர்களில் கைபேசி இணைப்பும் உண்டு. ஒரு பெண் அரைமணி நேரம் தனித்துப் பேச அவ்வறையைத் திறந்துகொடுப்பது ஊழியமே. அவள் விரும்பினாலன்றி ஆயர் உள்ளே இருத்தல் கூடாது.

இரண்டாவது, தொடர்ந்து காணுதல். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பத்தாம் நாளில் “ஒன்றும் குணமில்லை” என்று நிறுத்துவோர் பலர். வாராந்தர வீடு சந்திப்பில், ஜெபத்துக்கு முன்னோ பின்னோ, “மருந்து தவறாமல் எடுக்கிறீர்களா அம்மா?” என்று ஒருமுறை கேட்பது பேருந்துத் திட்டத்தின் பணியாளர் செய்ததற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மருந்தை நிறுத்தச் சொல்லாதிருத்தல். நலமடைந்ததாகச் சாட்சி கூறியவுடன், விசுவாசத்தின் அடையாளமாக மாத்திரைகளைக் கைவிடுமாறு தூண்டப்படுவோர் உண்டு. மனச்சிதைவு நோயில் இது பெருங்கேடாக முடியும். ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்துவது திருமறைப் போதனையன்று. நோயாளிக்காக ஜெபிப்போம், எண்ணெய் பூசுவோம், மாத்திரையை எப்பொழுது குறைப்பது என்பதை மருத்துவரே கூறட்டும்.

நான்காவது, இரகசியம் காத்தல். நன்மனத்தோடு நாம் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஆராதனையின் ஜெபக் குறிப்பில், “சகோதரி இன்னாரின் மனநலத்துக்காக” என்று வாசித்துவிடுகிறோம். அந்த ஒரு வரி அவள் தங்கையின் திருமண ஓலை வாசிக்கப்படுவதைத் தடுத்துவிடக்கூடும். அதுபோன்றே, வரன் விசாரிக்க வருவோர், “அந்த வீட்டில் யாருக்கோ நரம்புத் தளர்ச்சியாமே?” என்று கேட்கும்போது, ஆயர் நாவடக்கம் கற்றிருத்தல் வேண்டும். நோயைப் பற்றிய செய்தி நோயாளிக்கு உரியது. சட்டமும் அதனைக் காக்கிறது.

ஐந்தாவது, இடர்வேளையை அறிதல். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், பிரசங்கிக்காமல் கேட்கவேண்டும். அவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்து முதலியவற்றை அகற்றவேண்டும். 14416-க்கு அவர் அருகிலிருந்தே பேசவேண்டும். உடனடி ஆபத்தாயின் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு உடன்செல்லவேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்துக்கு உட்பட்டவர் என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகக் கருதுகிறது. அவரைத் தண்டிப்பதற்கு மாறாகப் பராமரிக்குமாறு கூறுகிறது. நம் பிரசங்கபீடங்கள் சட்டத்தினும் கடுமையாய் இருக்கலாமா?

முடிவுரை

கொட்டிவாக்கத்து ஆலய வாசலில் கேட்கப்பட்ட கேள்விக்கு மீள்வோம். “அது சரிதானா, ஐயா?” என்றவர்க்கு நாம் கூறத்தக்க விடை இதுவே: ஆம், சரியே, தாமதிக்கவேண்டாம், ஆனால் மருத்துவரின் எண்ணை ஊருக்கு அனுப்பியதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. அக்காவின் அருகே அமர்ந்து, அவர் கூற மறந்ததை மருத்துவர்க்கு எடுத்துக்கூறவும், மருந்தை வாங்கிவரவும், மருத்துவர் நேரில் வரச்சொன்னால் உடன்செல்லவும் ஒருவர் வேண்டும். அவர் யார்?

இங்கேதான் திருச்சபை தன்னிடம் உள்ளதை உணரவேண்டும். மனநல மருத்துவர் இல்லாத எத்தனையோ சிற்றூர்களில் ஒரு சபை உண்டு. ஓர் ஆயரோ உபதேசியாரோ உண்டு. பெண்கள் ஐக்கியச் சங்கத்தைச் சேர்ந்த சில தாய்மார் உண்டு. நகரத்து ஆயர் அக்குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, அவ்வூர் ஆயரைத் தொலைபேசியில் அழைத்து, “அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள், ஐயா, ஜெப வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று அந்த அம்மாவிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள்” என்று கேட்பது சில நிமிடப் பணி. மருத்துவரின் சொல் எத்துணைத் தொலைவிலிருந்தும் வரட்டும். அது வந்துசேரும் வீட்டில் நோயுற்றவர் தனித்து இராதபடி பார்த்துக்கொள்வது நம் கடன்.